சான்றிதழுக்கு முன்னும் பின்னும்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான சட்டங்களும் சேவைகளும்

காரைக்குடிப் பக்கம் ஒரு குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், வீட்டுப் பெரியவர்களிடமிருந்து முதலில் வருவது ஆறுதல்தான். இவன் ஐயாவும் ஐந்து வயதில்தான் வாயைத் திறந்தாராம் என்பார் அப்பத்தா. குன்றக்குடிக்கு ஒரு வேண்டுதல் வைப்பார்கள். பள்ளியில் சேர்க்கும் வயது வந்து விண்ணப்பத்தோடு போனால் ஒரு கேள்வி எழும்: மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழ் இருக்கிறதா? அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே அந்தத் தாளைச் சுற்றித்தான். சான்றிதழ் வரட்டும், பயிற்சிக்கு அனுப்பலாம். சான்றிதழ் வரட்டும், பள்ளியில் பேசலாம் என்று மாதங்கள் ஓடிவிடும்.

இதில் பாதி தவறு. சில உதவிகள் சான்றிதழ் இருந்தால்தான் கிடைக்கும். மிக முக்கியமான சில, அது இல்லாமலேயே கிடைக்க வேண்டியவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் பெருமளவு குறையும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் சட்டங்கள். பெற்றோர் பெயரையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு நோய், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, தலசீமியா, ஹீமோஃபீலியா எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. ஓர் இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அதீதத் துடிப்பும் கவனக்குறைவும் இந்த 21இல் தனி வகையாக இல்லை. அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்ப்பதே வழி.

இரண்டாவது, குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறனுள்ள குழந்தைகளை வெளிப்படையாக இதற்குள் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களுக்கு உரிய பிரிவினரிலும் அவர்களைச் சேர்த்தது. மூன்றாவது, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் உரியது. பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகும் வரை இதன் நினைவே வராது; ஆன பிறகு இது இல்லாமல் நகர முடியாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நாற்பது சதவீதம் என்ற கோடு

குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால்தான் உதவித்தொகை, உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீதம் போன்றவை கிடைக்கும். ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் இந்தக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கே. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

ஆனால் பாகுபாடு காட்டாமல் பள்ளியில் சேர்த்துக்கொள்வதும், அந்தக் குழந்தைக்கு வேண்டிய நியாயமான மாற்று ஏற்பாடுகளைச் செய்துதருவதும் 40 சதவீதத்தோடு கட்டப்பட்டவை அல்ல. அப்படி ஏற்பாடு செய்ய மறுப்பதையே பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நிலையில் இருந்த குடிமைப் பணித் தேர்வர் அவர். 40 சதவீதம் இல்லை என்று சொல்லி அவருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுத்தது தேர்வாணையம். அந்தக் கோடு ஒதுக்கீட்டுக்கு உரியது, தேவையான வசதியை மறுக்க அதைக் காரணமாக்க முடியாது என்றது நீதிமன்றம். சான்றிதழ் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நினைவுக்கு வர வேண்டிய தீர்ப்பு இது.

சான்றிதழே தேவைப்படாத முதல் ஆறு ஆண்டுகள்

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் பேசாத குழந்தை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தை, பேசிக்கொண்டிருந்த சொற்களை எந்த வயதிலாவது இழந்துவிட்ட குழந்தை: இவர்களை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லும் உறவினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

எங்கே காட்டுவது? பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்காக 2013இல் தேசிய அளவில் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. சந்தேகம் இருந்தால் மாவட்ட அளவிலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். இவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையை ஒட்டி இயங்குபவை. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் ஆகியோரை ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் இவற்றின் நோக்கம். இங்கே வந்துதான் பலருக்குச் சந்தேகமே தீரும். சான்றிதழோடு வரவேண்டிய இடம் அல்ல இது.

காது கேளாத குழந்தைகள் விஷயத்தில் தாமதத்தின் விலை கண்ணெதிரே தெரியும். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். வயது வரம்பு ஆறு. அதைத் தாண்டினால் லட்சக்கணக்கான செலவு குடும்பத்தின் தலையில் விழும். பணம் இருந்தாலும் பிரச்சினை தீராது. மொழியைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டுகள் அதற்குள் கடந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையை வெளியார் பார்க்காத உள்பகுதியான இரண்டாம் கட்டிலேயே வைத்து வளர்க்கும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அக்காவுக்கு வரன் பார்க்கும்போது தம்பியைப் பற்றிப் பேச்சு வந்துவிடுமோ என்ற அச்சம். அன்பில் குறை ஒன்றும் இருக்காது. வேளாவேளைக்குச் சோறும் கவனிப்பும் இருக்கும். பயிற்சி மட்டும் இருக்காது. மறைத்த ஆண்டுகளை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

பள்ளி வாசலில்

இந்தப் பிள்ளையைச் சமாளிக்க எங்களால் முடியாது, வேறு இடம் பாருங்கள் என்ற பதில் இன்னும் பல பள்ளிகளில் கிடைக்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும், தனியார் பள்ளியே ஆனாலும், குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதையும் தடை செய்கிறது. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது குடும்பம் விரும்பினால் தேர்ந்தெடுக்க வேண்டியது. பள்ளி அதைச் சாக்காக வைத்து வாசலை மூடக் கூடாது.

மறுப்பு வாய்மொழியாகத்தான் வரும். எழுத்தில் தர யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே எழுத்தைத் தொடங்க வேண்டியது பெற்றோர். ஒரு பக்கக் கடிதம் போதும். தேதி, குழந்தையின் பெயர், வயது, எந்த வகுப்பில் சேர்க்கை கோருகிறோம் என்பது முதல் பத்தி. என்ன சிரமம், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பது இரண்டாவது. முன்வரிசையில் இடம், கரும்பலகையில் உள்ளதை எழுதிமுடிக்கக் கூடுதல் நேரம், மணி அடிக்கும் ஓசைக்கு மிரண்டுபோகும் பிள்ளைக்கு மணிக்கூண்டிலிருந்து தள்ளிய வகுப்பறை, தரைத்தளத்தில் வகுப்பு என்று குறிப்பாக எழுத வேண்டும். 'உரிய வசதிகள் செய்துதர வேண்டுகிறேன்' என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மூன்றாவது பத்தியில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி கேட்கிறோம் என்று ஒரே வரி. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளலாம். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பலாம். சண்டைக்காரத் தொனி வேண்டாம். அந்த ஆசிரியர்களிடம்தான் பிள்ளை பத்து ஆண்டு படிக்கப்போகிறது.

கட்டடத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். செட்டிநாட்டில் பல பள்ளிகள் பழைய அறக்கட்டளைக் கட்டடங்களில் இயங்குகின்றன. நம் வீடுகளைப் போலவே அவையும் தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. வாசலில் ஏறியதும் இன்னும் நாலு படி. சாய்தளம் போட்டிருக்கிறோம் என்று பெருமையாகக் காட்டுவார்கள். பார்த்தால் சறுக்குமரம் போலிருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சாய்தளத்துக்கான அளவு. இரண்டரை அடி உயரத் திண்ணைக்கு முப்பது அடி வேண்டும். இடம் போதாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். பக்கவாட்டுக் கைப்பிடி அவசியம். கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கிறதா என்பதையும் பெற்றோர் நேரில் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீரே குடிக்காமல் மாலை வரை உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிப்பவர்களுக்கான உதவிகளை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வட்டார வள மையங்கள் வழியாகத் தருகிறது. சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்து கற்றுத்தருவது, இயன்முறைப் பயிற்சி, பள்ளிக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி, மருத்துவ மதிப்பீட்டு முகாம், காதொலிக் கருவி, சக்கர நாற்காலி, போக்குவரத்துப் படி, உடன் வருபவருக்கான படி, பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை ஆகியவை இதில் அடங்கும். காரைக்குடி சுற்றுவட்டாரப் பள்ளிகள் சாக்கோட்டை ஒன்றியத்தில் வருவதால், 'காரைக்குடி வள மையம்' என்று தேடுபவர்கள் சாக்கோட்டை என்றே கேட்க வேண்டும். தேவகோட்டை, கல்லல், கண்ணங்குடி, திருப்பத்தூர் ஆகியவை தனித்தனி ஒன்றியங்கள். சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் தினமும் வர மாட்டார். தொடக்கப் பள்ளியில் பத்துச் சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் வகுத்துச் சொன்னது. நடைமுறை அங்கே வந்து சேரவில்லை. எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுவைத்து, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்வதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வி மற்றும் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது என்பதையும் நம் ஊர்க்காரர்களில் பலர் அறியார்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது. கல்வியாண்டு தொடங்கியதுமே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துகளை மாற்றிப் போடும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்குப் பிறகே சான்றளிப்பார்கள். பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி பரிசோதனை உண்டு. எட்டாம் வகுப்பு வரை சோம்பேறி என்று திட்டுவாங்கிவிட்டு ஒன்பதில் சான்றிதழ் தேடும் பிள்ளைகளே அதிகம்.

மருத்துவக் குழுவும் மாவட்ட எல்லையும்

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டம். பக்கத்திலேயே இருக்கும் கடியாபட்டியும் இராயவரமும் அரிமளமும் புதுக்கோட்டை மாவட்டம். கடை கண்ணி, பள்ளி, மருத்துவமனை எல்லாம் காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டிருக்கும் குடும்பமாக இருந்தாலும், ஆதாரில் புதுக்கோட்டை மாவட்ட முகவரி இருந்தால் உதவித்தொகைக்கான அலுவலகம் புதுக்கோட்டைதான். சிங்கப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பெற்றோர், பிள்ளையை ஊரில் அப்பத்தாவிடம் விட்டிருந்தால் முகவரிக் குழப்பம் இன்னும் கூடும். முதலில் ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவருவது நல்லது.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இப்போது ஒரே இணையதளத்தின் வழியாகத்தான். 2021 ஜூன் முதல் இது கட்டாயம். இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ பதிவு செய்யலாம். பிறகு அரசு மருத்துவமனையில் உரிய நிபுணரைப் பார்க்க வேண்டும். எந்தக் கிழமையில் எந்தப் பிரிவுக்குப் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் ஆகியவற்றுக்கு உளவியலாளர் குழந்தையோடு உட்கார்ந்து சோதிப்பார். கூட்டத்திலும் பசியிலும் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிள்ளை அந்த அறைக்குள் நுழைந்ததும் வீறிட்டு அழுவது வழக்கம். சாப்பாடு, தண்ணீர், அவனுக்குப் பிடித்த ஒரு பொம்மை, முந்தைய மருத்துவச் சீட்டுகள், வீட்டில் அவன் நடந்துகொள்ளும் விதத்தைக் காட்டும் சிறு காணொளி ஒன்று கையில் இருந்தால் மதிப்பீடு உண்மைக்கு நெருங்கி வரும். சிறு வயதில் தருவது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். முடியும் தேதியைப் பார்த்துவைக்க வேண்டும். சதவீதம் குறைத்துப் போடப்பட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்ய 59ஆவது பிரிவு இடம் தருகிறது.

பணம் சார்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அறிவுசார் குறைபாடு, 75 சதவீதத்துக்கு மேற்பட்ட கடும் பாதிப்பு, தசைச்சிதைவு நோய் முதலிய பிரிவுகளுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவசம். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர்களுக்கு ரயிலில் இருவருக்கும் இருக்கை வகுப்பில் 75 சதவீதச் சலுகை உண்டு. பல்லவன் ரயிலில் சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது கணிசமான தொகை. வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

கடிதத்துக்கும் பதில் இல்லை, உதவியும் வரவில்லை என்றால், அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். பிறகு எதைப் பேசினாலும் அந்த எண்ணை வைத்துப் பேசலாம். அதற்கு மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரணையின்போது அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், தொடர்ந்து மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரையும் அபராதம் என்கிறது 89ஆவது பிரிவு. அபராதம் வரை போகத் தேவைப்படுவது அரிது. மனுவில் அந்தப் பிரிவின் எண்ணைக் கண்டதும் பேச்சின் போக்கு மாறிவிடும்.

பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் பிறகு

பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் தனி ஆள். பெற்றவர்களானாலும் அவன் சார்பில் கையெழுத்துப் போட அதற்குப் பிறகு அதிகாரம் இல்லை. வங்கிக் கணக்கு, பத்திரப் பதிவு எல்லாம் அந்த இடத்தில் நின்றுவிடும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நான்கு குறைபாடுகளில் ஒன்று இருந்தால், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று பெற வேண்டும். பெற்றோரே விண்ணப்பிக்கலாம், அவர்கள் இல்லாவிட்டால் உறவினரோ பதிவு பெற்ற அமைப்போ விண்ணப்பிக்கலாம். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது, பேச்சுப் பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் உட்பட. அதற்குப் பதினெட்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை, கைக்குழந்தைக்கும் எடுக்கலாம்.

நம் ஊரில் பாதுகாவலர் சான்றுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கிறது. ஒரே வீட்டில் பத்து, இருபது பங்குகள் இருப்பது இங்கே சாதாரணம். பங்குதாரர்களில் ஒருவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்றால், அவருக்குப் பாதுகாவலர் நியமிக்கப்படாதவரை அந்த வீட்டைப் பிரிக்கவோ விற்கவோ சட்டப்படி கையெழுத்து நிறைவுபெறாது. எல்லோரும் கூடிப் பேசி முடித்த பிறகு பதிவு அலுவலகத்தில் இது வெளிப்பட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பதினெட்டு நிறைவதற்கு முன்பே தாள்களைத் தயார் செய்துவைப்பது நல்லது. பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். பங்காளிகளுக்குள் பின்னால் பேச்சு வராமல் இருக்கவும் அந்தக் கணக்குத்தான் உதவும்.